இடைவேளை வரைக்கும்

அந்தக் கட்டடத்தில் எல்லோருமே அவரை டைரக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இதுவரை டைரக்ட் செய்தது ஊரார் வீட்டுக் கல்யாண வீடியோக்களை மட்டும்தான். அதிலும் மாப்பிள்ளை கொட்டாவி விடுவதை வெட்டாமல் விட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஆனால் கதை சொல்ல உட்கார்ந்துவிட்டால் மனுஷன் வேறு ஆள்.

படத்துக்குப் பணம் போட ஆள் பிடிப்பதுதான் அவருடைய முழுநேர வேலை. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பணம் போடுகிறவரை உட்கார வைத்து, தொடக்கத்திலிருந்து கடைசி வரை கதையை வாயாலேயே சொல்லிக்காட்ட வேண்டும். டைரக்டர் சொன்னால் அதில் மழை பெய்யும், கதவு கிறீச்சிடும், பின்னணி இசைகூட மூக்கால் வரும். வில்லன் சாகிற இடத்தில் சோபாவிலிருந்து உருண்டு விழுந்தே காட்டுவார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைப் பிடித்துக் குலுக்கி, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அப்புறம் போன் போட்டால் எடுக்கக்கூட மாட்டார்கள்.

டைரக்டரின் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வீட்டு வாடகை அவள் சம்பளத்தில்தான் போகிறது என்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். அவளுடைய தம்பி மெத்தைக் கடை வைத்திருக்கிறான். "மச்சானை என் கடைக்கு அனுப்புக்கா, கல்லாவில உக்காரட்டும்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தே போனான். கடைசியில் டைரக்டரே இறங்கி வந்துவிட்டார். இன்னும் கதை கேட்காதவர் என்று குழாய்க் கம்பெனி முதலாளி ஒருத்தர்தான் பாக்கி. அவரும் கைவிரித்தால், அடுத்த மாதம் முதல் மெத்தை.

இந்த முடிவைக் கேட்டு அவள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பாள் என்று நினைத்தால் தப்பு. மெத்தைக்கு நடுவில் அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரம்தான் மருந்துக்கடைக்காரர் மனைவி கண்ணாடி மாற்ற வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் படம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"எந்தப் படம்க்கா?"

"அதான், அந்தப் பூட்டுக்காரர் படம். கடைசியில எனக்கு அழுகையே நிக்கல, போங்க."

"அக்கா, அது இன்னும் எடுக்கவே இல்லையே. உங்க வீட்டுக்காரர்கிட்ட பணம் கேட்டுத்தானே கதை சொன்னாரு?"

"அப்படியா?" அந்த அம்மாள் நிஜமாகவே குழம்பிப்போனாள். "எனக்கென்னவோ பாத்த மாதிரியே இருக்கு."

டைரக்டர் மனைவி கையிலிருந்த கண்ணாடியை மேஜையில் வைத்தாள். அட, இதுதானா விஷயம்! எல்லோரும் ஓசியில் படம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்த்து முடித்த படத்துக்கு எவன் பணம் போடுவான்? இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. கதை சொல்லி முடித்த நாட்களில் டைரக்டரும் வயிறு நிறைந்தவர்போல்தான் வீட்டுக்கு வருவார். அவருக்குமே பசி அடங்கிவிடுகிறது.

சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, குழாய்க்காரர்கிட்ட இடைவேளை வரைக்கும் மட்டும் சொல்லுங்களேன்."

"முழுக் கதை கேக்காம எவன் பணம் போடுவான்? விவரம் தெரியாம பேசாத."

"முழுக் கதை கேட்டவங்க மட்டும் அள்ளிக் குடுத்துட்டாங்களாக்கும்."

"க்ளைமாக்ஸ்தான் என் பலமே!"

"அந்தப் பலத்தாலதான் நாம இப்படி இருக்கோம்" என்று சொல்லி, சாதத்தை அவர் தட்டில் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழாய் முதலாளி வந்தார். எதிர்வீட்டுக் கதவு கால்வாசி திறந்திருந்தது. கேட்டால் காற்றுக்காக என்பார்கள். டைரக்டர் ஆரம்பித்தார். சாவி தொலைத்தவர்களுக்குப் பூட்டுத் திறந்து கொடுக்கிற ஒருவன். ஏழு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு. ஊரில் எவனாலும் திறக்க முடியாத பூட்டு. குழாய் முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பூட்டு திறக்கிறது. உள்ளே இருட்டு, தூசி. சமையலறையில் மட்டும் வெளிச்சம். எட்டிப்பார்த்தால், அடுப்பில் பால் அப்போதுதான் பொங்கி வருகிறது!

"இடைவேளை" என்று டைரக்டர் மூச்சு வாங்கினார்.

"ஏங்க!" என்று மனைவி ஓடி வந்தாள். "உங்க வண்டி வழியை மறிச்சு நிக்குதாம். கீழ ஒரே சத்தம்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"பால் வெச்சது யாரும்மா?" என்றார் முதலாளி.

"எனக்குத் தெரியாதுண்ணே. நானும் இதுவரைக்கும்தான் கேப்பேன். அப்புறம் அடுப்பு வேலை வந்துடும்." கொஞ்சமும் கூசாமல் சொன்னாள். அந்தக் கதையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் ஒப்பிப்பாள்.

மணி அடித்தது. கதவு தட்டப்பட்டது.

"யாரோ தட்டுறாங்களேம்மா?"

"பக்கத்து வீடுண்ணே. எப்பவும் இப்படித்தான்."

டீ குடித்து, டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் முதலாளி எழுந்தார். கதவைத் திறந்தால் வாசலில் டைரக்டர், முகமெல்லாம் வியர்வை.

"அண்ணே, அந்தப் பால் இருக்கே..."

"அண்ணனுக்கு நேரமாயிடுச்சுங்க" என்று அவள் குறுக்கே புகுந்தாள். "மிச்சத்தைத் தியேட்டர்ல பாத்துக்குவாரு."

அதற்கப்புறம் வீட்டில் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. டைரக்டர் மெத்தைக் கடைக்குப் போட்டுக்கொண்டு போகச் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்தார், அவள் கண்ணில் படும்படியாக. அவளும் பயந்துதான் போனாள். கெடுத்துவிட்டோமோ?

நான்காம் நாள் குழாய் முதலாளி கண்ணாடிக் கடைக்கு வந்து நின்றார். கண்ணாடிக் காம்பு ஆடுகிறதாம். அவள் ஆட்டிப் பார்த்தாள். அது கல் மாதிரி இருந்தது.

"தங்கச்சி, அந்த வீட்டுல ஆள் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடு."

"தெரியாதுண்ணே."

"என் சம்சாரம் பேய்ங்கிறா. நான் ஏதோ சொந்தக்காரங்கன்னு நினைக்கிறேன். வீட்டுல தினம் சண்டை."

"படம் வந்தா தெரிஞ்சிடும். யாராவது எடுக்கணும், அவ்வளவுதான்." அவள் கண்ணாடியைத் துடைத்து நீட்டினாள்.

முதலாளி அதை வாங்கி மாட்டிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "வண்டி வழியை மறிக்கவே இல்ல, அப்படித்தானே?"

"மறிக்கலண்ணே."

"சரி, நானே எடுக்கிறேன். ஆனா ஒண்ணு. படம் முடியற வரைக்கும் உன் வீட்டுக்காரர் எங்கிட்ட மிச்சக் கதையைச் சொல்லக் கூடாது. அதை ஒப்பந்தத்துலயே எழுதிடணும்."

எழுதினார்கள். டைரக்டர் கையெழுத்துப் போட்டபோது சந்தோஷத்தில் அழுதாரா, அந்த நிபந்தனைக்காக அழுதாரா என்று இன்றுவரை கட்டடத்தில் இரண்டு கட்சி உண்டு.

இப்போது படப்பிடிப்பு நடக்கிறது. முதலாளி தினமும் வந்து, "இன்னைக்கு எடுக்கிறது முன்பாதியா, பின்பாதியா?" என்று வாசலிலேயே விசாரிப்பார். பின்பாதி என்றால் காரிலேயே உட்கார்ந்துகொள்வார், ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் டைரக்டருக்கு வாய் ஊறும். காரைப் பார்த்து நாலு எட்டு வைப்பார். விடுமுறை நாட்களில் அவர் மனைவி அங்கே ஒரு நாற்காலி போட்டு, காருக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒரே ஒரு வரி சொல்லிட்டு வந்துடறேன்" என்பார்.

"அடுத்த ஷாட்டைப் பாருங்க" என்பாள்.

அவரும் திரும்பிப் போவார். வாய்க்குள் அடக்கி வைத்ததெல்லாம் படத்தில் நன்றாகவே வருகிறது என்று கேமராக்காரர் சொல்கிறாராம்.