மணியின் நாக்கில் நீல ரிப்பன்

இனிமேல் வரவேண்டாம் என்று டாக்டர் மித்ரா சொல்லிவிட்டார். பவானிபூரில் அவருடைய மாடிப்படிகளை மூன்று வருஷம் ஏறி இறங்கியவன் அதைக் கேட்டுத் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்குக் கொட்டாவிதான் வந்தது. குணமாவது அவ்வளவு அலுப்புப் பிடித்த வேலை.

கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு இறக்குவதை மேற்பார்வை பார்க்கிறவன் நான். ஒருநாள் காலையில் கிரேன் கம்பி அறுந்து இரும்புத் தகடுகள் விழுந்தன. பக்கத்தில் நின்று என்னிடம் தீப்பெட்டி கேட்டுக்கொண்டிருந்த சக ஊழியர் தபன்தா அந்த இடத்திலேயே போய்விட்டார். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. தட்டு விழுந்தால், கதவு அடித்துக்கொண்டால், குக்கர் விசிலடித்தால் நான் கட்டிலுக்கடியில் இருப்பேன். கை கால் உதறும். ஐம்பதை நெருங்கும் ஆசாமி, வேட்டியும் பனியனுமாகக் கட்டிலுக்கடியில்.

டாக்டர் முதலில் ஒரு பென்சிலை மேஜைமேல் போட்டார். பல வாரம் அந்தப் பென்சில்தான். பிறகு சாவிக்கொத்து, அதற்கப்புறம் ஸ்பூன், கடைசியில் தட்டு. கடைசி நாளன்று மனசுக்குப் படும் அடிகளின் வகைகளைப் பொறுமையாக விளக்கினார். எனக்கு நேர்ந்தது போல ஒரே அடியாக விழுவது ஒன்று. பயத்துக்கு நடுவிலேயே வளர்கிறவர்களுக்குத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது வேறொன்று. அடிபட்டவன் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒட்டிக்கொள்வதும் உண்டாம். வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். பிரமாதமாக இருக்கிறார்கள், பெண் பரம சாது என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் சரஸ்வதி பூஜை வந்தது. நமக்குத்தான் அது சரஸ்வதி பூஜை, இந்த ஊருக்கு துர்கா பூஜையின் நவமி. லேக் மார்க்கெட்டில் எங்கள் சந்து முனைப் பந்தலில் காலையிலிருந்தே டாக் கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாகப் பூஜை நாட்களில் சாத்திக் கிடந்த ஜன்னல்களை நானே திறந்துவிட்டேன். லேசாகத் தலை வலித்தது, அது யாருக்கும் வலிக்கும்.

திறந்த பிறகுதான் வீடு கண்ணில் பட்டது. ஸ்டீல் டம்ளர் ஒன்றைக்கூடக் காணோம், காபி பீங்கான் கோப்பையில் வருகிறது. சாதம் வடித்த சாதம். சட்னி அரைக்க என் மனைவி வசுந்தரா பௌதி என்று நாங்கள் கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாவின் மிக்ஸியைத் தேடிப் போகிறாள். இன்றைக்குக் குக்கர் வை என்றேன். அவள் பரணிலிருந்து எடுத்தாள்.

என் மகள் மஹிமாவுக்குப் பதினொரு வயது. ஹாலில் பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். குக்கர் சீற ஆரம்பித்ததும் எழுந்தாள். நுனிக்காலில் நடந்து போய், வெயிட் ஆடத் தொடங்கிய அதே நொடியில் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து அடுக்கினாள். அப்பாவுக்கு உடம்பு சரியாகிவிட்டதே என்றேன். "சரிப்பா" என்றாள், நோயாளியிடம் சொல்கிற மாதிரி.

மூன்று வருஷத்துக்குப் பிறகு பூஜைக்கு உட்கார்ந்தேன். சுண்டலையும் பாயசத்தையும் நைவேத்தியத்துக்கு வைத்துவிட்டு மணியை எடுத்து அசைத்தேன். சத்தமே வரவில்லை. கவிழ்த்துப் பார்த்தால், மணியின் நாக்கைச் சுற்றி நீல நிற ஸ்கூல் ரிப்பன். மூன்று சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. நிறமே வெளுத்துவிட்டிருந்தது.

"அவதான் கட்டினா. மூணாங்கிளாஸ் படிக்கறச்சே. நான் அவுக்கலை," என்றாள் வசுந்தரா. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "என்னாலயும் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியலை."

எனக்குக் கோபம் பொங்கியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வருஷா வருஷம் டீச்சர், இவ்வளவு அமைதியான பெண் வகுப்பிலேயே இல்லை என்பார். கொலுவுக்குப் போன வீடுகளிலெல்லாம் பெண் என்றால் இப்படி அடக்கமாக இருக்கவேண்டும் என்பார்கள். நானும் வெட்கமில்லாமல் பூரித்துப் போவேன். எங்கள் மனிதர்களுக்குப் பெண் குழந்தை சத்தம் போடாமல் இருந்தால் போதும், ஏன் என்று ஒருத்தரும் கேட்கமாட்டோம்.

ரிப்பனை அவிழ்த்தேன். இதோ பார் என்பதுபோல மணியை நன்றாக அடித்தேன். கணீரென்று ஒலித்தது. மஹிமா மணியைப் பார்க்கவில்லை. என் முழங்கால்கள் உதறுகின்றனவா என்று பார்த்தாள். பிறகு ஓடிவந்து மணியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். உதறியது அவள் கைதான்.

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. எல்லாம் சரியாப் போயிடுத்து."

"எனக்கு ஆகறதுப்பா," என்றாள்.

வெளியே அதே கொட்டு சந்து முழுவதையும் அதிர வைத்துக்கொண்டிருந்தது. அது அவளை ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்குள் எழும் சத்தம்தான். அதற்கு அடுத்து அப்பா கட்டிலுக்கடியில் போவார் என்பதை அவள் எட்டு வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். நான் பயந்தது ஒரு காலை நேரத்துக்கு. அவள் பயந்தது என்னை வைத்துக்கொண்டு, தினம் தினம். டாக்டர் வகைகளைச் சொன்னபோது, அதெல்லாம் வேறு யாருக்கோ என்று பஸ்ஸுக்கு அவசரப்பட்டேன்.

அழுகை வந்தது. அதைவிட அதிகமாக அலுப்பு வந்தது. மறுபடி அந்த மாடிப்படி. மறுபடி ஒரு பென்சிலிலிருந்து. பூஜை விடுமுறை முடிந்ததும் டாக்டருக்குப் போன் செய்து, மகளுக்காக நேரம் கேட்க வேண்டும். அவள் அம்மாவுக்கும் சேர்த்தே கேட்கவேண்டியதுதான். இந்தத் தடவை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பவன் நான்.

மஹிமாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மணியை வாங்கினேன். அவள் கண்ணெதிரே ரிப்பனைத் திரும்ப நாக்கில் சுற்றினேன். அவள் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாள். நான் இரண்டோடு நிறுத்தி முடிச்சுப் போட்டேன்.

அசைத்தபோது, மேஜைமேல் பென்சில் விழுந்த அளவுக்கு ஒரு சத்தம் வந்தது. அவள் என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். நான் நைவேத்தியத்தை முடித்தேன்.