‘படிப்படியாக’ என்றொரு சொல்

அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. தையல் போட்ட இடத்தில்தான் சீழ் வைத்தது. மருந்தை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். கிருமி எதற்கும் மசியவில்லை, ரத்தத்திலும் கலந்துவிட்டது. கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருந்த மருந்தும் இதற்கு வேலை செய்யாது என்று லேபிலிருந்து முடிவு வந்த அன்று, டாக்டர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். இனிமேல் உடம்பே போராடினால்தான் உண்டு என்றார்.

அந்த மருந்தின் பெயரைக் கேட்டதும் அத்தானுக்கு முகம் செத்துப்போனது. அவர் கால்நடைத் துறையில் பெரிய அதிகாரி. மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கட்டுப்படுத்த நாடு முழுவதற்கும் கொள்கை எழுதும் குழுவில் அவர்தான் துறையின் ஆள். அதே மருந்தைத்தான் கோழிகள் சீக்கிரம் கொழுக்கட்டும் என்று தீவனத்தில் கலக்கிறார்கள். அதை ‘உடனடியாக’ நிறுத்த வேண்டும் என்று வரைவில் இருந்ததை, மன்றாடி ‘படிப்படியாக’ என்று மாற்றவைத்தவர் இவர்.

அந்தக் குழுவின் கூத்தை அவரே வீட்டில் சொல்லிச் சிரிப்பார். ஆஸ்பத்திரிக்காரர் கோழியைக் கைகாட்டுவாராம். கோழிக்காரர் மருந்து ஆலைக் கழிவு கலக்கும் ஆற்றைக் கைகாட்டுவாராம். ஆற்றுக்குப் பொறுப்பானவர், முதலில் ஆஸ்பத்திரிச் சாக்கடையைப் போய்ப் பாருங்கள் என்பாராம். கிருமி மட்டும் யார் அனுமதியும் கேட்காமல் மூன்று துறைக்கும் போய்வந்துகொண்டிருந்தது. நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம், வெட்கங்கெட்டவர்கள். அக்கா மட்டும் ஒருமுறை, எப்போதுதான் நிறுத்துவீர்கள் என்று கேட்டாள். அவர் மழுப்பிவிட்டார்.

இப்போது அக்காவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தே பழகியவள், அவளிடம் எதை மறைப்பது? மறுநாள்தான் கொள்கையை இறுதி செய்யும் கூட்டம். லீவு சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே இருப்பதாக இருந்தார் அத்தான். மூச்சு வாங்க வாங்க அவள் பேசினாள்.

“இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? போய் அந்த வார்த்தைய எடுங்க. நீங்க வெச்சதுதானே.”

மறுநாள் காலை சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பினார். பார்த்துக்கொள்ளம்மா என்று என்னிடம் சொன்னார். இருந்த ஆத்திரத்தில் நான் தலைகூட ஆட்டவில்லை.

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அத்தானிடமிருந்து போன் வந்தது. வெளியே வராந்தாவில் நிற்கிறாராம். அந்தப் பத்தியை மறுபடி விவாதத்துக்கு எடுக்கச் சொல்லி வாதாடியிருக்கிறார். மனைவி படுத்திருப்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அதுவே வினையாகிவிட்டது. ஒரு விஷயத்தில் சொந்த நலன் உள்ள உறுப்பினர், அதைப் பேசி முடிக்கும்வரை அறையில் இருக்கக் கூடாதாம், விதி. தலைவர் ரொம்ப மரியாதையாகத்தான் வெளியே இருக்கச் சொன்னாராம். அப்படியானால் கூட்டத்துக்கு வந்து உட்காரும் தீவனக் கம்பெனிக்காரர் மட்டும் எப்படி என்று கேட்டேன். அவர் உறுப்பினர் இல்லை, நிபுணராக அழைக்கப்பட்டவர், அதனால் உள்ளேதான் இருக்கிறார் என்றார்.

நான் திட்ட வாயெடுக்கும்போதே அக்காவின் தலைமாட்டில் இருந்த மானிட்டர் கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஓடிவந்தார், பின்னாலேயே டாக்டர். என்னைத் திரைக்கு வெளியே தள்ளினார்கள். போனை வைக்க எனக்குத் தோன்றவில்லை, அவரும் வைக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்து, கையுறையைக் கழற்றினார்.

“அத்தான், அக்கா போயிட்டா.”

அவர் உடைந்து அழுவார் என்று நினைத்தேன். நடக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பிறகு அத்தானின் குரல், கூட்டங்களில் பேசும் அதே நிதானமான குரல்.

“என் மனைவி இப்பத்தான் இறந்துட்டாங்க. இனிமே இதுல எனக்குச் சொந்த நலன் எதுவும் இல்ல. உள்ள வரலாமா?”

நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ ஐயோ என்றார்கள். தலைவர் தழுதழுத்தார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், உடனே காரை எடுக்கச் சொன்னார். அத்தான் கேட்டதையே மறுபடி கேட்டார்.

“அந்தப் பத்தி முடிஞ்சுபோச்சுங்க,” என்றார் தலைவர். “அடுத்ததுக்கு வந்துட்டோம்.”