நாலு பக்கமும் முதுகு

“சாவு வீட்டுல யாரு வெளிப்பக்கம் பாத்து அழுவாங்க, நிரஞ்சா?”

சிவநந்தினி அக்கா பாயருகே உட்கார்ந்தபடியே கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. சனம் நாலு பக்கமும் உட்கார்ந்து பார்க்கும் நாடகம் இது. எந்தப் பக்கத்துக்கு முதுகு மட்டும் தெரிகிறதோ அந்தப் பக்கத்துக்கு நாடகம் இல்லை. அதற்காகத்தான் பலாபத்வல ஊர் மண்டபத் தரையில் சோக்குக் கட்டியால் வட்டம் போட்டு, யார் எந்த வசனத்தில் எங்கே திரும்புவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை அரங்கேற்றம்.

“‘கண்ணத் தொறய்யா’னு சொன்னதும் கதவுப் பக்கம் திரும்புங்கக்கா.”

“பிரேதத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டா?”

பாயில் பிணமாகக் கிடந்த அக்ரம் ஒரு கண்ணைத் திறந்தான். “சீக்கிரம் முடிவெடு மச்சான். தரை ஐஸ் மாதிரி இருக்கு. நெசமாவே மௌத்தாயிருவேன்.”

பாயைச் சுற்றி அழ வேண்டிய பெண்களில் ஒருத்தியான பிரசாந்தினி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. போன மழையில் மலை சரிந்தபோது அவருடைய தம்பி சஜீவன் லயத்து வீட்டோடு மண்ணுக்குள் போனான். பெக்கோ இயந்திரத்தை வைத்துத் தோண்டினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். கிடத்தி அழ ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த நாடகத்தில் தம்பியை இழந்தவளின் வேடத்தை அவரேதான் கேட்டு வாங்கினார்.

“சரி, உங்க இஷ்டப்படி ஒருக்கா செய்ங்க” என்றேன்.

அக்கா மற்றப் பெண்களை இழுத்துத் தோளோடு தோள் சேர்த்து உட்காரவைத்தார். எல்லோரும் உள்நோக்கிக் குனிந்தார்கள். நான் வட்டத்தைச் சுற்றி ஓடினேன். எங்கே நின்றாலும் முதுகுகள். அக்ரமின் பாதங்கள்கூடத் தெரியவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது, நான் எழுதாத வசனத்தில்.

“சஜீ... எந்திரிடா சஜீ...”

பெண்கள் மெல்லக் கைகளை விலக்கிக்கொண்டார்கள். அக்கா மட்டும் அக்ரமின் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை. அவன் அசைந்தான்.

“இன்னுங்கொஞ்சம் கெடடா.”

அக்ரம் கண்ணை மூடிக்கொண்டான். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது.

பிறகு வாசலில் செருப்பை மாட்டும்போது அக்கா சொன்னார்: “சனத்துப் பக்கம் திரும்பச் சொன்னா நா வரலப்பா. வேற ஆளப் பாத்துக்க.”

வேறு ஆள் கிடைக்கும். ஆனால் மண்டபம் காலியான பிறகும் அந்த வட்டத்தைச் சுற்றியே நடந்துகொண்டிருக்கிறேன். சனிக்கிழமை நீங்கள் வந்து உட்கார்கிறீர்கள் என்று வையுங்கள். கடைசி வரைக்கும் ஒரு முகமும் தெரியாது, வெறும் முதுகுகள் குலுங்கும். பார்த்துக்கொண்டிருப்பீர்களா? சொல்லுங்களேன், அக்காவைத் திரும்பச் சொல்லவா, அப்படியே விடவா?