ஆளுக்கொரு வழிகாட்டி

கிராண்ட்லிக்கு மலையேறத் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் ஏறிப் பார்த்ததே இல்லை. தட்டையான பார்படோஸ் தீவில் பிறந்தவன். ஆனாலும் பக்கத்துத் தீவான செயின்ட் லூசியாவுக்கு விடுமுறைக்கு வந்த நாளிலிருந்து அங்கிருக்கும் பெரிய பிட்டோன் மலையைப் பற்றி வீட்டு மாடிப்படி மாதிரி பேசிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி வெர்லின் அதை நம்பவில்லை. அவளுக்குத் தெரியாத கிராண்ட்லியா? படகில் போனால் அவனுக்குக் குமட்டும், பாதியில் திரும்ப வேண்டும். கரும்புத் திருவிழா ஊர்வலத்தில் ஆட்டம் சூடுபிடிக்கும்போது அவனுக்குக் கால் வலிக்கும், உடனே வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அவன் களைத்தால் அவளும் களைத்ததாகக் கணக்கு. இந்த மலையுச்சியை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று விமானத்திலேயே முடிவு கட்டியிருந்தாள்.

அடிவாரத்தில் வழிகாட்டிகளின் தலைவர் விதியைச் சொன்னார். ஒரு குழுவுக்கு ஒரு வழிகாட்டி. மலையில் யாரையும் தனியே விட மாட்டார்கள். ஒருவர் இறங்கினால் எல்லோரும் இறங்க வேண்டியதுதான்.

தனக்கென்று தனியாக ஒரு வழிகாட்டி வேண்டும் என்றாள் வெர்லின். பெஞ்சில் இருந்த வழிகாட்டிகள் சிரித்துவிட்டார்கள். சிரிக்காதவள் எசீலியா என்ற ஒருத்திதான். வெர்லின் அவளையே கைகாட்டினாள்.

கிராண்ட்லியின் முகம் கடுகடுத்தது. "ரெண்டு பேருக்கு ரெண்டு வழிகாட்டியா? நாம என்ன பிரிஞ்சா போயிட்டோம்?"

"இன்னும் பிரியல. நீ பாதியில திரும்பினா அப்பப் பிரிஞ்சுக்கலாம்."

"யாரு, நானா திரும்பப் போறேன்?"

"திரும்பலன்னா நல்லதுதானே. நட."

பாதி மலையில், கடல் தெரிகிற பாறையில் அவன் தொப்பென்று உட்கார்ந்தான். அதற்கு மேல் பாதை செங்குத்தாக நிமிர்ந்து நின்றது. இங்கிருந்தே எல்லாம் தெரிகிறதே, கீழே போய் மீன் சாப்பிடலாம் என்றான். அவனுடைய வழிகாட்டியும் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

இறங்கிவிடு என்று வெர்லினின் கால்களும் கெஞ்சின. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இது தன் களைப்பா அவன் களைப்பா என்று பிரித்துப் பார்க்கக்கூட இத்தனை காலம் அவளுக்கு வாய்க்கவில்லை.

"நீ போய் மீன் சாப்பிடு. எனக்குக் களைச்சா நானே சொல்றேன்."

"கீழ எல்லாரும் பொண்டாட்டி எங்கன்னு கேப்பாங்களே, வெர்லின். நான் என்னன்னு சொல்ல?"

எசீலியா மேலே நின்று கையை நீட்டினாள். வெர்லின் அதைப் பிடிக்கவில்லை. ஒரு வேரைப் பற்றி உடம்பை மேலே இழுத்துக்கொண்டாள்.

"உச்சிக்குப் போயிருக்கான்னு சொல்லு."