கயிறில்லாமல் வந்த கம்ப்யூட்டர்

ஸ்விட்சைப் போட்டேன். உள்ளே விசிறி சுற்றியது, பச்சை விளக்கும் எரிந்தது. திரை மட்டும் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி கன்னங்கரேல் என்று இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே கறுப்பு. பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப் என்று ஒரு சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, இதே கம்ப்யூட்டரில் என் பெயரை அடித்துப் பார்த்திருந்தேன். அன்புச்செல்வி என்று பளிச்சென்று வந்தது. வேங்கடசாமி தோட்டத்து வீட்டில் அவர் மகன் கதிர் வைத்திருந்த பெட்டி அது. பையன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். காரமடைக்குப் பக்கத்தில் அந்தத் தோட்டத்துக் கட்டுத்தரையில் சாணி அள்ளியே என் அம்மா மயிலாத்தாளுக்கு முதுகு வளைந்தது. விற்கிறார்கள் என்று சேதி கொண்டுவந்ததும் அம்மாதான். பிடித்திருக்கிறது, இப்போதே எடுத்துப்போகிறேன் என்று சொன்னால், வெள்ளிக்கிழமை லட்சுமியை வெளியே அனுப்பமாட்டார்களாம். சரி, நாளைக்கு? சனிக்கிழமை இரும்பு வாங்கினால் எனக்கே ஆகாதாம். என்மேல் அவர்களுக்கு என்ன அக்கறை பாருங்கள்! ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பெட்டி துடியலூர் வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை காலை பிரஸ் திறக்கும்போது ஒரு கல்யாணப் பத்திரிகையின் மேட்டரை ஃப்ளாப்பியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிரஸ் முதலாளி சீனிவாசலு ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தார். "இது சொன்னபடி வந்துட்டா ஆவணி முகூர்த்தம் பூரா உங்களுக்குத்தான். வரலைன்னா எனக்கு ஆளா இல்லீங்க?" அந்த ஒரு வார்த்தையை நம்பி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வேலையை விட்டுவிட்டேன். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு அறை பிடித்து, வாசலில் பெயின்ட்டில் போர்டும் எழுதியாகிவிட்டது. அது தொண்ணூற்றாறாம் வருஷம். கம்ப்யூட்டர் வைத்திருப்பவளை ஊரே ஒரு மாதிரி மரியாதையாகப் பார்க்கும். வெறும் போர்டு வைத்திருப்பவளை எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியைத் தன் ஆம்னி வேனில் ஏற்றி வந்த நாகூர் மீரான் அண்ணன் அப்போதுதான் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார். கோட்டைமேட்டில் டிவி ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர், கம்ப்யூட்டருக்கு மாறி இரண்டு வருஷம் ஆகிறது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மானிட்டர் போயிருச்சும்மா" என்றார், டாக்டர் கையை விரிப்பது போல.

"வெள்ளிக்கிழமை ஓடுச்சுங்கண்ணா!"

"வர்ற வழியில குலுங்கியிருக்கும். நம்ம ரோடு அப்படி."

கோட்டைமேடு வரை போய், தன் கடை மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை மாட்டினார். கறுப்பு. அவருக்கு முகம் செத்துப்போனது. ஒயர் முனையில் ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். பெட்டியைத் திறந்து, படம் காட்டும் கார்டைப் பிடுங்கி ஊதி மறுபடி செருகினார். கறுப்பு. வேறு கார்டு போட்டார். பீப், பீப். நான் நகத்தைக் கடிக்க ஆரம்பித்து விரலுக்கு வந்திருந்தேன். அம்மா மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீரான் அண்ணன் பட்டை ஒயர்களை ஒதுக்கிவிட்டு, டார்ச் அடித்து உள்ளே தலையை விட்டார். வெளியே வந்த தலையில் வேர்வை.

"யா அல்லா! தங்கச்சி, இதுல ரேமே இல்லம்மா."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லதான். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சின்ன அட்டை இங்க நிக்கணும். அது இல்லாம கம்ப்யூட்டருக்குப் புத்தியே கிடையாது. யாரோ கிளிப்பை விலக்கி, அழகாக் கழட்டியிருக்காங்க." சொல்லிவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "நான் இல்லம்மா. வண்டியில வந்தது என்கூடத்தான், ஆனா சத்தியமா நான் இல்ல."

"உங்களை யாருங்கண்ணா சொன்னா?" என்றேன். எனக்கு வந்த கோபமெல்லாம் தோட்டத்து வீட்டின் மேல்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டார்களே! புதிதாக வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் இல்லை. அந்தக் காலத்து ரேம் விலைக்குக் கடை திறந்திருந்தாலும் ஒன்றுதான்.

ஓடிப்போய் பூத்திலிருந்து போன் போட்டேன். வேங்கடசாமிதான் எடுத்தார்.

"ஏனுங்க, பொட்டிக்குள்ள ஒரு சாமானைக் காணோமுங்க. யாராச்சும் கழட்டினீங்களா?"

"அட, நாங்க எதுக்கும்மா கழட்டறோம்? எங்களுக்கு அதைத் தொடவே தெரியாது" என்றார். நல்ல மனிதர், பொய் சொல்பவர் இல்லை. அப்போது அவருக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி பாவாத்தாளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"யாருங்க? மயிலா புள்ளையா? கவுத்தைக் கேக்கறாளா? குடுக்கமாட்டோம்னு சொல்லிப்போடுங்க."

ரிசீவரைக் காதில் வைத்தபடி வாயைத் திறந்து நின்றேன். எங்கள் பக்கம் மாடு விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவந்து மாற்றிக் கட்டித்தான் ஓட்டிப்போக வேண்டும். பழைய கயிறும் கூடப் போனால் கட்டுத்தரை லட்சுமியும் பின்னாலேயே போய்விடும் என்பார்கள். பொள்ளாச்சிச் சந்தையில் இதற்காக அடிதடியே நடந்திருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டருக்குக் கயிறு! யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு மல்லுக்கு நின்ற கதையைக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு கதையைக் கேட்டதில்லை.

அறைக்கு வந்து சொன்னதும் மீரான் அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா மட்டும் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள்.

"நட, நானும் வாரேன்" என்றாள்.

ஆம்னியில் மூன்று பேரும் மறுபடி காரமடைக்குப் போனோம். மீரான் அண்ணன் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார். வேங்கடசாமி வாசலில் நெளிந்துகொண்டு நின்றார். பாவாத்தாள் நிலைப்படிக்கு உட்பக்கம் நின்றாள், நாங்கள் படிக்குக் கீழே நின்றோம். அப்படி நிற்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கிருந்தே சாமி அறை தெரிந்தது. லட்சுமி படத்துக்கு முன்னால், மஞ்சள் துணியின் மேல், என் ரேம். அதன் உச்சி முதல் பாதம் வரை குங்குமம், பக்கத்தில் ஒரு செம்பருத்தி.

"கண்ணு, தப்பா நெனைக்காத" என்றாள் பாவாத்தாள். என்னிடம் அவள் எப்போதும் அன்பாகத்தான் பேசுவாள். "பொட்டி படுத்துக்கிட்டா எம்பையன் இதைத்தான் வெளிய எடுப்பான். தொடைப்பான், ஊதுவான், மறுக்கா வெப்பான். ஒடனே எந்திரிச்சுக்கும். அதனால உசுரு இதுலதான் இருக்குதுன்னு நானும் பார்த்து வெச்சிருந்தேன். அவனும் போயிட்டான். பொட்டியும் போவுது. லட்சுமியும் போயிட்டா இந்த ஊட்ல என்ன கண்ணு இருக்கு?"

அவள் பயந்துதான் பேசினாள். நடிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் திணற அடித்தது.

"உசுரை நீங்க வெச்சுக்கிட்டா நான் பொணத்தை வெச்சு என்னங்க பண்றது? நாளைக்குக் காத்தால நான் வேலை குடுக்கோணும். கவுறுதான வேணும்? கரண்டு ஒயரைத் தாரேன். அதுதான் பொட்டியைச் சுவத்தோட கட்டியிருந்தது. அதை வெச்சுக்குங்க."

"பூசை வெச்சாச்சே, கண்ணு. சாமிகிட்ட வெச்சதை எடுத்தா ஆகாது."

"குடுத்துத் தொலை, பாவா" என்றார் வேங்கடசாமி, தரையைப் பார்த்தபடி.

"நீங்க சும்மா இருங்க. கூடப்பொறந்த அண்ணங்காரனுக்கு எருமை வித்தப்பவே எங்கப்பன் கவுறு குடுக்கல. மொறைன்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். அந்த வாசலில் இத்தனை வருஷத்தில் "சரிங்க" என்பதைத் தவிர அவள் வேறு சொல்லி நான் கேட்டதே இல்லை.

"எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களா, பண்ணாடிச்சி?"

பாவாத்தாள் திரும்பிப் பார்த்தாள்.

"இவங்கப்பன் படுத்த படுக்கையா கெடந்தப்ப எங்க கெடேரிக் கன்னை உங்களுக்கு வித்தேன். இருந்தது அது ஒண்ணுதான். கவுத்தை மட்டும் அவுத்துக்கறேன்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

பாவாத்தாள் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"'உனக்கெதுக்கு மயிலா கவுறு? கட்டறதுக்கு உங்கிட்ட இன்னி என்ன இருக்குது'ன்னீங்க. கவுத்தோடத்தான் வாங்குனீங்க. நானேதான் கொண்டாந்து இந்தக் கட்டுத்தரையில கட்டினேன்."

அம்மாவின் குரல் உயரவே இல்லை. அந்தக் கன்றுக்குட்டியை எனக்கு நினைவிருக்கிறது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருக்கும். விற்ற கதை தெரியும், கயிற்றின் கதை தெரியாது. இத்தனை வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டா இவள் அந்தச் சாணியை அள்ளினாள்? எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அங்கேயே அழுதேன்.

வேங்கடசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவாத்தாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறகு சாமி அறைக்குப் போனாள். மஞ்சள் துணியோடு எடுத்து வந்து, வழக்கம்போல் குனிந்து, படியின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

நான் பாய்ந்து எடுக்கப் போனேன். அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"கையில குடுங்க" என்றாள், பாவாத்தாளைப் பார்த்து.

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி அதிர்ந்ததில்லை. பாவாத்தாள் புருஷனைப் பார்த்தாள். அவர் உதவிக்கு வரவில்லை. தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. குனிந்து, படியில் வைத்ததை அவளே எடுத்து, நிலைப்படியைத் தாண்டி ஒரு படி இறங்கி, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். விரல் விரலில் பட்டது.

"வாரோமுங்க" என்றாள் அம்மா.

துடியலூர் வந்து சேர்ந்ததும் மீரான் அண்ணன் குங்குமத்தைப் பார்த்து அலறினார். ரப்பரால் தேய்த்து, பிரஷ்ஷால் தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அரை மனதோடு செருகினார். ஸ்விட்சைப் போட்டதும் ஒரே ஒரு பீப். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அவர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

நான் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன்.

"இத்தன நாளா ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"அப்பெல்லாம் சோறு அவங்ககிட்டத்தான கண்ணு இருந்துச்சு" என்றாள். "பேசீட்டே இருக்காத. விடியறதுக்குள்ள அடிச்சு முடி."

நான் பத்திரிகை மேட்டரை விரித்து வைத்துக்கொண்டு, மணமகளின் பெயரை அடிக்க ஆரம்பித்தேன்.