ஹாரனில் தொடங்கிய கோளாறு

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, சத்தியம்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்த மனைவியை எங்கள் தெருத் தையல்காரர் வெள்ளிக்கிழமை காரில் கூட்டிவர வேண்டும். ஹாரன் அடிக்கவில்லை என்று சர்வீஸ் சென்டரில் விட்டார். திரும்பி வந்த காரில் ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஓடியது. அதைச் சரிசெய்தார்கள், பிரேக்கை மிதித்தால் ரேடியோ பாடியது. அதையும் பார்த்தார்கள், இடப்பக்கம் திருப்பினால் டிக்கி திறந்தது.

"என்னண்ணே இது?"

"ஜாப் கார்டுல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் சார் செய்வோம்" என்றார் மெக்கானிக். "எழுதாததைத் தொட மாட்டோம்."

"அப்போ டிக்கியைத் தொட்டது யாரு?"

மெக்கானிக் கார்டைப் புரட்டினார். "அதை யாரும் எழுதலையே."

தையல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில், 'மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் கொண்டுவந்து விடவும்' என்று கார்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் வாசலில் வந்து நின்றது. முழங்காலில் கட்டோடு, முன்பின் தெரியாத ஒரு அம்மா இறங்கினார்.

"நீங்க யாரும்மா?"

"யாரோட மனைவின்னு கார்டுல எழுதலையாம்ப்பா" என்றார் அந்த அம்மா, அவரைவிடக் குழம்பிப்போய்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: தையல்காரருக்கு இன்றுவரை கல்யாணமே ஆகவில்லை.