இல்லாத நோவுக்கு உபவாசம்

கம்பிகட்டி பிறப்பால் வேதக்காரன், கிறிஸ்தவன்தான். ஆனால் ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே கோயில் வாசலை மிதித்தவன். பிழைக்க வந்த தேசத்தில் அவனைச் சபைக்கு இழுத்தது பக்தி இல்லை. டயர் கடைக்கு மேல்மாடியிலிருந்து கேட்ட தமிழ்ச் சத்தம். ஏறிப் போனான். "வாங்க பிரதர், ஸ்தோத்திரம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டட வேலையில் கட்டுக்கம்பி கீறிக் காய்த்துப்போன அந்தக் கையை அதுவரை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து ஜெபக் குறிப்பு சொல்வது அங்கே வழக்கம். ஒருத்தர் விசா கேட்டார், ஒருத்தி பிள்ளை வரம் கேட்டாள். இவன் முறை வந்தது. தங்கியிருக்கும் அறை நிறைய ஆளிருந்தும் பேச ஒருத்தனில்லை என்பதை எந்த வாயால் சொல்வது?

"வீட்டுக்காரிக்கு நெஞ்சு வலி" என்று சொல்லிவிட்டான்.

அதோடு விட்டார்களா? சாயங்காலமானால் யாராவது ஒருவர் போன் பண்ணி விசாரித்தார்கள். கேன்டீனில் சமைக்கும் அக்கா, வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்காக உபவாசம் இருந்தாள்.

"இப்ப தேவலாம்க்கா, ஆனா மூச்சுதான்..." என்று இவன் இழுப்பான். இன்னும் கொஞ்சம் பேச்சு நீளுமே என்கிற ஆசை. போனை வைத்த பிறகு சோற்றுத் தட்டை அப்படியே மூடி வைத்துவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வார நாளில் லாரி ஓட்டும் பாஸ்டர், "வீட்டுக்குப் போன் போடுங்க பிரதர், எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம்" என்றார்.

அவள் எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். அந்தச் சபையில் அவன் மனதாரச் செய்த முதல் ஜெபம் அதுதான். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள். அவள் உடனே எடுத்தாள்.

"நெஞ்சு எப்படிம்மா இருக்கு?" என்று சத்தமாகக் கேட்டார் பாஸ்டர்.

"எனக்கென்னங்க? இப்பத்தான் தண்ணி லாரி பின்னாடி ஓடிக் குடம் புடிச்சிட்டு வர்றேன். ஏன், அவருக்கு வெயில்ல மண்ட காஞ்சிருச்சா?"

கூரை பிய்ந்துபோகிற மாதிரி எழுந்தது அல்லேலூயா. "சாட்சி சொல்லுங்க பிரதர்!" என்று அவனை முன்னால் தள்ளினார்கள்.

அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். "நாளைக்கு வயித்துக் கட்டிய எடுக்கறதா இருந்தாங்க. நான் போகல பாஸ்டர். தங்கச்சிய ஓட வச்ச ஜெபம் என்னைக் கைவிடுமா?"

பாஸ்டர் ஏதோ சொல்ல வந்தது கைதட்டலில் அமுங்கிப்போயிற்று.

கம்பிகட்டி அக்காவைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டால் இந்த நாற்காலி மிஞ்சும், சாயங்காலப் போன் மிஞ்சும். அக்கா மிஞ்ச மாட்டாள்.

"போயிருங்கக்கா, ஆஸ்பத்திரிக்கு. அவளுக்கு ஒரு நோவும் வந்ததில்ல. நான் பொய் சொன்னேன்."

"என்னது?"

"எல்லாரும் ஏதாச்சும் கேட்டீங்க. எனக்கு என்ன கேக்கறதுன்னு தெரியல."

"அடப்பாவி" என்றது பின்வரிசை. போனில் வீட்டுக்காரி இன்னும் "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாஸ்டர் அதை அணைத்தார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வெறும் வயித்தோட அடுப்பு முன்னாடி நிப்பேன்டா. கண்ண இருட்டும். செவத்தப் புடிச்சுக்கிட்டு உன் பொண்டாட்டி பேரச் சொல்லுவேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றாள்.

"காலைல வந்துரு. கூட ஒரு ஆள் இருக்கணுமாம்."

"வர்றேன்க்கா. உங்களுக்காக நான் ஜெபம்..."

"அத மட்டும் பண்ணாத" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.